பழைய செடான் கார் வாங்கும்போது நம்பகத்தை எப்படிக் கணிப்பது?

பழைய கார் வாங்கப்போவதாகச் சொன்னால் போதும், சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லுவார்கள். டொயோட்டா எட்டியோஸ் எடு, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கும். ஹோண்டா சிட்டி எடு, பெட்ரோல் இன்ஜின் வேலையே வைக்காது. மாருதி டிசையர் எடு, எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும். மூன்றும் பொய்யில்லை. ஆனால் இதெல்லாம் மாடலைப் பற்றிய பேச்சு. நம் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போவது ஒரே ஒரு வண்டி. அதை யாரோ சிலர் சில வருடம் ஓட்டியிருக்கிறார்கள், எங்கோ நிறுத்தியிருக்கிறார்கள், யாரிடமோ சர்வீஸ் விட்டிருக்கிறார்கள். நல்ல பெயர் எடுத்த மாடலில் நாசமான வண்டியும் உண்டு, அவ்வளவாகப் பெயர் வாங்காத மாடலில் பத்து வருடம் பிரச்சினை தராத வண்டியும் உண்டு. குடும்பத்துக்கென்று முதல்முறையாகப் பழைய செடான் வாங்குகிறவர்களுக்காக, அந்த ஒரு வண்டியைக் கணிப்பது எப்படி என்று இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம்பகமான வண்டி என்றால் செலவே வைக்காத வண்டி என்று பொருளில்லை. டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் பிளேட், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் தேய்வதற்கென்றே இருப்பவை. எட்டு வருடமான வண்டியில் இவற்றில் இரண்டு மூன்று மாற்ற வேண்டியிருப்பது இயல்புதான். என்ன செலவாகும் என்று கேட்டு, விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். இன்ஜின், கியர்பாக்ஸ், பாடியின் அடிக்கட்டமைப்பு, வயரிங் ஆகிய நான்கும் அப்படியல்ல. இவற்றில் பெரிய கோளாறு இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் கட்டுப்படியாகாது. இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்வதால்தான், டயர் மொட்டையாக இருக்கிறது என்று நல்ல வண்டியை விட்டுவிட்டு, வெள்ளத்தில் நின்று பாலிஷ் போட்டு வந்த வண்டியைப் பலர் எடுத்துவிடுகிறார்கள்.

மாடலின் பெயர் எதுவரை உதவும்?

ஓரளவு உதவும். மாருதியின் டிசையர், சியாஸ் டீசல்களில் நெடுங்காலம் ஓடிய 1.3 லிட்டர் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. ஒரு காலத்தில் பல கம்பெனி வண்டிகளில் அது இருந்ததால், வாகன இதழ்கள் அதை 'தேசிய இன்ஜின்' என்றே செல்லமாக அழைத்தன. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் சின்ன ஊரிலும் கிடைப்பார். 2010 முதல் 2020 வரை விற்ற எட்டியோஸில் சிக்கலான எலக்ட்ரானிக்ஸ் குறைவு, அதனால் கெட்டுப்போகிற சமாச்சாரங்களும் குறைவு. 2014இல் வந்த நான்காம் தலைமுறை சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நேரத்துக்கு ஆயில் மாற்றினால் லட்சம் கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். இன்னொரு பக்கம், ஃபோக்ஸ்வாகன் வென்டோ போன்ற வண்டிகளில் வந்த, இரட்டை கிளட்ச் கொண்ட 7 கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக்கில், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் பழுதானால் செலவு பெரிது. வாரன்டி முடிந்த அந்த வகை வண்டியை, கியர்பாக்ஸுக்கு என்ன வேலை நடந்திருக்கிறது என்று ஆதாரத்தோடு தெரியாமல் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

டீசல் எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின், பி.எஸ்.6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, மார்க்கெட் போய்த் திரும்புவது மட்டுமே வேலை என்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட குடும்பத்துக்குப் பெட்ரோல் வண்டிதான் சரி.

கம்பெனி திரும்ப அழைத்த விஷயங்களும் மாடல் கணக்கில் சேரும். தகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்கள், அதாவது ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகங்கள், இதற்குப் பெரிய உதாரணம். அவற்றுக்குள் இருக்கும் அமோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் வருடக்கணக்கில் சிதைந்து, விபத்தின்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிடும் அபாயம் உண்டு. ஹோண்டா சிட்டியின் பழைய மாடல்கள் இந்தியாவிலும் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர் வண்டி என்றால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. சேசிஸ் எண்ணை வைத்துக் கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டால், அந்த வேலை முடிந்ததா என்று சொல்லிவிடுவார்கள். பாக்கி இருந்தால் இலவசமாகவே செய்து தருவார்கள்.

மாடலைப் பற்றி இவ்வளவு போதும். இனி வண்டிக்கு வருவோம்.

தடயங்கள் ஒத்துப்போகின்றனவா?

'சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ், கம்பெனி சர்வீஸ், 42,000தான் ஓடியிருக்கு.' பழைய கார் விற்கும் எந்த கன்சல்டிங்கில் நுழைந்தாலும் காதில் விழும் வரி இது. உண்மையாகவும் இருக்கலாம். சொல்பவரை முறைக்க வேண்டியதில்லை, நம்பிவிடவும் வேண்டியதில்லை. வண்டியின் உடம்பிலும் காகிதத்திலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தடயங்கள் நிறைய இருக்கின்றன. மீட்டர் ஒன்றைத் திருத்துவது சுலபம். எல்லாத் தடயங்களையும் ஒரே கதை சொல்லவைப்பது கடினம். பழைய வண்டியின் நம்பகத்தைக் கணிப்பது என்பதே இந்தத் தடயங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான்.

ஒரு உதாரணம். 2017இல் பதிவான சிட்டி, மீட்டரில் 42,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளோடு ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரமும் வருடமும். 1121 என்றால் 2021ஆம் ஆண்டின் 11ஆவது வாரம். நான்கு டயரிலும் 1121 இருக்கிறது, நான்கும் தேய்மான அளவுக்கோட்டைத் தொட்டுவிட்டன. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்தால் 2017. அப்படியென்றால் வண்டியோடு வந்த டயர்கள் 2021லேயே தீர்ந்து, அடுத்த செட்டும் இப்போது தீர்ந்துவிட்டது. இந்த ரக காரில் ஒரு செட் டயர் சாதாரணமாக 40,000 கிலோமீட்டரைத் தாண்டும். இரண்டு செட்டைத் தீர்த்த வண்டி 42,000 ஓடியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அதோடு நிறுத்தாமல் கிளட்ச் பெடலின் ரப்பரைப் பாருங்கள். வரிகள் மழுங்கி வழவழவென்று இருக்கிறதா? ஸ்டியரிங்கில் கை வைக்கும் இடம் பளபளக்கிறதா? ஓட்டுநர் இருக்கையில், ஏறி இறங்கும்போது உரசும் ஓரம் அமுங்கியோ வெடித்தோ இருக்கிறதா? பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதுவும் ஒரு தடயம்தான். கடைசியாக, வண்டி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். ஓனர் சம்மதத்தோடு கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். 2020லேயே 51,000 என்று பதிவாகியிருந்தால் பேச்சு முடிந்தது. கிலோமீட்டர் கூடுதலாக இருப்பது பெரிய குற்றமில்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றி 90,000 ஓடிய வண்டியை நான் தாராளமாக வாங்கச் சொல்வேன். மீட்டரைக் குறைத்தவர் வேறு எதை மறைத்திருக்கிறார் என்று தெரியாததுதான் பிரச்சினை.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ஒரு வரியைப் பலர் கவனிப்பதில்லை: நோ கிளெய்ம் போனஸ். முழு பாலிசியில் கிளெய்ம் எடுக்காமல் ஒரு வருடம் போனால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருடம் தொடர்ந்தால் 50. ஆறேழு வருடமாக ஒரே ஓனரிடம் இருக்கும் வண்டியின் பாலிசியில் 0 என்று இருந்தால், போன பாலிசிக் காலத்தில் கிளெய்ம் எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலிசி காலாவதியாகி 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் கிடந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் கேட்கலாம். 25 என்று இருந்தால் மூன்று வருடத்துக்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். 'பம்பர் உரசியது, பில் இதோ' என்றால் சரி. பதில் இழுபறியாக இருந்தால் பாடியைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த போனஸ் ஓனருக்குச் சொந்தமானது, வண்டிக்கு அல்ல. பழைய வண்டியிலிருந்து புது வண்டிக்கு அவர் மாற்றிக்கொள்ளலாம். அதனால் 50 என்று இருந்தாலும், அவர் வண்டியை எத்தனை வருடமாக வைத்திருக்கிறார் என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எட்டியோஸ், டிசையர் பார்ப்பவர்கள் டி-போர்டு (டாக்ஸிப் பதிவு) சங்கதியையும் விசாரிக்க வேண்டும். இந்த மாடல்கள் டாக்ஸியாக ஏராளமாக ஓடியவை. ஓன் போர்டுக்கு, அதாவது சொந்த உபயோகப் பதிவுக்கு மாற்றி விற்பது சட்டப்படி சரியானதுதான், ஆனால் விலையும் கிலோமீட்டரும் அதற்கேற்ப இருக்க வேண்டும். கூரையிலும் பம்பரிலும் ஸ்டிக்கர் உரித்த சுவடு, நம்பர் பிளேட் மட்டும் வண்டியைவிடப் புதிதாக இருப்பது, பின் இருக்கை முன் இருக்கைக்குச் சமமாகத் தேய்ந்திருப்பது எல்லாம் அடையாளங்கள்.

காலையில், குளிர்ந்த இன்ஜினோடு

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். முதல் நாளே போன் செய்து, 'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கிறார்கள். சூடான இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் டேஷ்போர்டில் இன்ஜின், ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எரிய வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகு அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு என்று எல்லாருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், விளக்கையே பிடுங்கியிருக்கலாம். ஏர்பேக் வெடித்த பிறகு புதிது போடாமல் மூடியை மட்டும் ஒட்டிவைத்த வண்டிகளில் இது நடக்கும்.

ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் முழுதாக எரியவில்லை. வெள்ளைப் புகை குளிர்காலக் காலையில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கீழே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். பிறகு ஐடிலில் ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகக் காற்று வருவது இயல்பு, டீசலில் கொஞ்சம் கூடுதலாகவே வரும். புஸ்புஸ் என்று புகையோடு அடித்தால் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன் அடிக்குது' என்பார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கசிகிறது என்று பொருள். இன்ஜின் இறக்கும் வேலை நெருங்கிவிட்டது.

கூலன்ட் டேங்கை நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வேன். பச்சையோ சிவப்போ நீலமோ, தெளிவான நிறத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் வெயில் காலத்தில் அளவு குறைந்தால் கைக்குக் கிடைத்த தண்ணீரை ஊற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கும், துருவும் பிடிக்கும். வெப்பம் வெளியேறாமல் ஒருநாள் டிராஃபிக்கில் இன்ஜின் கொதித்துவிடும். ஒருமுறை நன்றாகக் கொதித்த அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம். டேங்கில் செம்பழுப்புத் தண்ணீர் தெரிந்தால் அந்த வண்டியை வைத்திருந்தவரின் கவனம் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், முகத்தில் அடிக்கும்.

அடிபட்டதா, மூழ்கியதா

பம்பரிலும் கதவிலும் பெயிண்ட் அடித்திருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். நகரத்தில் ஓடும் காரில் உரசல் இல்லாமல் இருக்காது. பார்க்க வேண்டியது உள்ளே. பானெட்டைத் திறந்து கீல் போல்ட்டுகளையும், இரண்டு பக்க ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் நன்றாக உற்றுப் பாருங்கள். தொழிற்சாலையில் இவற்றைப் பூட்டிய பிறகே பெயிண்ட் ஏறும். அதனால் போல்ட்டின் தலையிலும் அதைச் சுற்றியும் பெயிண்ட் ஒரே படலமாக, உடையாமல் இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் தலையின் மூலைகளில் பெயிண்ட் உதிர்ந்து உலோகம் தெரியும், வாஷர் விளிம்பில் படலம் கிழிந்திருக்கும். ஒரு போல்ட் கழன்றிருந்தால் ஃபெண்டர் மாற்றியிருக்கலாம், அதோடு முடிந்திருக்கலாம். அங்கிருந்து உள்நோக்கிப் போங்கள். இன்ஜினுக்கு இருபுறமும் சுவர்போல இருக்கும் ஏப்ரன் தகட்டில் சுத்தியல் தட்டிய அலைவு, கம்பெனியின் வரிசையான ஸ்பாட் வெல்டுக்குப் பதில் கையால் வைத்த கரடுமுரடான வெல்டு, பட்டி பார்த்து மறைத்த மழமழப்பு தெரிந்தால் அது பெரிய அடி. டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி உட்காரும் குழியையும் அதேபோலப் பாருங்கள்.

பழுதுச் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணம் கொடுத்துவிடும். அந்தக் கூடு ஏலத்தில் போய், சரிசெய்யப்பட்டு மறுபடி சந்தைக்கு வருவதும் உண்டு.

வெள்ள வண்டி நம் பகுதியில் தனிக் கவலை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2018இல் கேரளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். அந்தந்த வெள்ளத்தில் நின்ற கார்களில் பல கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. தண்ணீரில் நின்ற வண்டி முதல் சில மாதம் நன்றாகவே ஓடலாம். அப்புறம்தான் வயரிங் இணைப்புகளில் பாசி பிடித்ததுபோலப் பச்சை ஏறி, ஒருநாள் பவர் விண்டோ, ஒருநாள் ஏ.பி.எஸ்., ஒருநாள் ஸ்டார்ட்டே இல்லை என்று ஆரம்பிக்கும். எந்த மெக்கானிக்கும் முழுசாகத் தீர்த்துவைக்க முடியாது.

கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவ மாட்டார்கள். அங்கே சேற்றுக் கறை ஒரு கோடாக நிற்கும். இருக்கையை முன்னால் தள்ளி, தண்டவாளத்திலும் அதன் போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கால்மிதிக்குக் கீழே இருக்கும் கார்ப்பெட்டை விரலால் தூக்கி மோந்து பாருங்கள். காருக்குள் நறுமண ஸ்பிரே தூக்கலாக அடித்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். வெள்ளத்தில் நின்றது உறுதியானால் பேரம் பேசவே வேண்டாம், வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள், ஏ.சி.யை முழுதாக வையுங்கள். குண்டும் குழியுமான தெரு ஒன்றில் மெதுவாகப் போனால் சஸ்பென்ஷன் கடகடப்பு கேட்கும். அது பெரும்பாலும் புஷ், லிங்க் ராடு வேலை, சமாளிக்கலாம். காலியான நேர் சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? மூன்றாம் கியரில் மெதுவாகப் போகும்போது சட்டென்று மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. சி.வி.டி. ஆட்டோமேட்டிக் என்றால் நின்று புறப்படும்போது உதறல் இருக்கக் கூடாது, ஆயில் மாற்றிய பில் இருக்க வேண்டும். கடைசியில் நிழல் தேடாமல் வெயிலிலேயே, ஏ.சி. ஓட, பத்து நிமிடம் ஐடிலில் நிறுத்துங்கள். டெம்பரேச்சர் ஏறுகிறதா, ஏ.சி. குளிர்ச்சி குறைகிறதா என்று அப்போது தெரியும்.

இதுவரை சொன்னதை யாரும் செய்யலாம். இதிலெல்லாம் தேறிய வண்டியை மட்டும் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். நீங்கள் காசு கொடுத்து அழைத்துவரும் ஆளாக இருக்கட்டும். லிஃப்டில் ஏற்றி அடியில் ஆயில் கசிவும் துருவும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் போட்டு, கோளாறுக் குறியீடுகள் இருக்கின்றனவா என்றும், வண்டியின் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் கண்காணிப்புச் சோதனைகள் முடிந்த நிலையில் இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். குறியீடுகளை நேற்று அழித்திருந்தால் அந்தச் சோதனைகள் முடியாமல் கிடக்கும். விற்பவர் மெக்கானிக்கைக் கூட்டிவரவே சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

காகிதங்களில் ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போக வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை, பாக்கி அபராதம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28இல் என்.ஓ.சி. வாங்கியாக வேண்டும். டெல்லியில் 10 வருட டீசல் வண்டிகளுக்கும் 15 வருட பெட்ரோல் வண்டிகளுக்கும் வந்த கட்டுப்பாட்டால் அங்கிருந்து மலிவாக வரும் கார்கள் நிறைய. இங்கே மறுபதிவுச் செலவையும் சாலை வரியையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பல சமயம் நிற்காது.

வாங்கி முடித்த வாரமே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், பழைய ஓனர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொன்னாலும் சரி. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், மாற்றியதற்குப் பில் இல்லாவிட்டால் அதையும் மாற்றுங்கள். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி இன்ஜினே போய்விடும். வண்டி விலையை முடிவு செய்யும்போதே இந்தச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தேதியும் கிலோமீட்டரும் எழுதிய பில்களை ஒரு ஃபைலில் போட்டு டேஷ்போர்டு அறையிலேயே வையுங்கள்.